பங்கில் பிரிந்த தூரக்கண்ணாடி

என் அலமாரியில் இருக்கும் பழைய பைனாகுலர்களில் ஒன்று மட்டும் பாதியாக இருக்கிறது. உடைந்த பாதி அன்று. முறைப்படி பிரிக்கப்பட்ட பாதி. அதன் மறுபாதி இதே வீட்டில், முற்றத்துக்கு அப்பால், வடக்குத் தாழ்வாரத்து அறையில் இருந்தது. இரண்டையும் ஒருநாளாவது சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று என் மனைவி விரும்பினாள். அவள் என்னிடம் கேட்டவை மிகச் சில. அவற்றில் நிறைவேறாமல் நின்றது இது ஒன்றே.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் பாட்டனாரான ஐயா காலமானார். கருமங்கள் முடிந்தபின் என் தந்தையான அப்பச்சியும் சித்தப்பாவும் வீட்டுச் சாமான்களைப் பங்கு வைத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லாம் முற்றத்தைச் சுற்றிய வளவில் பரப்பப்பட்டன. அண்டாவுக்கு அண்டா, தாம்பாளத்துக்குத் தாம்பாளம், பீங்கானுக்குப் பீங்கான் என்று ஆத்தங்குடித் தரைக்கல் தெரியாத அளவுக்கு இரண்டு வரிசைகள் நீண்டன. இணையில்லாத பொருள்களை ஒன்றுக்கு மற்றொன்று ஈடாக்கினார்கள். சுவர்க் கடிகாரம் எங்களுக்கு வந்தது. அதற்கு ஈடாகக் கிராமபோன் சித்தப்பாவுக்குப் போயிற்று. கடைசியில் மிஞ்சியது, ரங்கூனிலிருந்து வந்த பைனாகுலர்.

"அது நான் ரங்கூன்ல தேடி எடுத்தது" என்றார் சித்தப்பா.

"எடுத்தது நீ. கப்பல்ல கொண்டாந்தது ஆரு?" என்றார் அப்பச்சி.

இதற்கு ஈடாக வைக்க அந்த வீட்டில் வேறொரு பொருளும் இல்லை என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். பங்கு வைக்க வந்திருந்த பெரியவர் வெகுநேரம் அதைக் கையில் புரட்டிப் பார்த்தார்.

"கொழாய் ரெண்டிருக்கா? இருக்கு. பங்காளி ரெண்டு பேரா? ரெண்டு பேரு. அப்பறம் என்னப்பா யோசனை?"

யாரும் சிரிக்கவில்லை. கொல்லர் வரவழைக்கப்பட்டார். இரு குழாய்களையும் கோத்திருந்த அச்சாணியை அவர் தட்டி எடுத்தார். இடக்குழாய் எங்களுக்கு, வலக்குழாய் அவர்களுக்கு. தோல் உறை எங்களுக்கு, கழுத்து வார் அவர்களுக்கு. அச்சாணி யாருக்கு என்ற கேள்வி எழுந்தபோது மட்டும் சித்தப்பா பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தவன். இரு கண்ணுக்காகச் செய்யப்பட்ட கருவியைப் பிரித்தால் என்ன இழப்பு என்பதை விளக்க வாயெடுத்தேன். "ஒனக்கு இதுல பங்கு கெடையாது, அப்பச்சிமாரு பேசிக்கிடட்டும்" என்று பெரியவர் அடக்கிவிட்டார்.

என் மனைவி அறைக்குள் நின்று அத்தனையையும் பார்த்திருந்தாள். நான் உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"கடிகாரத்துலயுந்தான் முள்ளு ரெண்டிருக்கு. ஆளுக்கொண்ணு பிடுங்கிக்கிட்டிருக்கலாமே! பெரிய முள்ளு ஒங்களுக்கு, சின்ன முள்ளு அவுகளுக்கு."

"மெதுவாகப் பேசு."

"மெதுவாத்தான் பேசுறேன். ஒரு நாளைக்காவது அந்த ரெண்டையும் சேத்து வச்சு நா பாக்கணும். கேட்டு வாங்கிப் பாருங்களேன்."

கேட்டு வாங்கும் நிலை வரவில்லை. பங்கு நேராகப் பிரிந்ததே தவிர, பேச்சு அன்றோடு நின்றது. தெற்குத் தாழ்வாரம் நாங்கள், வடக்குத் தாழ்வாரம் அவர்கள். நடுவில் முற்றம். நல்லது கெட்டதுக்கு முறை தவறாமல் வருவோம். நின்று பேச மாட்டோம்.

முழுதான பைனாகுலர்களை நான் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான். அந்த ஆண்டுகளில் காரைக்குடியின் பழைய சாமான் கடைகளுக்குப் பெரிய வீடுகளிலிருந்து பொருள்கள் வந்துகொண்டே இருந்தன. பர்மா, மலேயா, இலங்கை என்று போய்வந்தவர்கள் கொண்டுவந்து, ஒருமுறைகூடக் கண்ணில் வைக்காமல் பெட்டியில் பூட்டியவை பல. கல்லல் ஊரில் ஒரு வீட்டிலிருந்து கனமான கப்பல் கண்ணாடி ஒன்று வந்தது. ஆங்கிலேயர் படைச் சொத்தென்று அம்புக்குறி பொறித்த ஒன்று, போருக்குப் பின் செய்யப்பட்ட ஜப்பானியக் கண்ணாடி ஒன்று, முத்துச்சிப்பி பதித்த பிரெஞ்சு நாடகக் கண்ணாடி ஒன்று என்று அலமாரி மெல்ல நிறைந்தது. வில்லைகளில் படர்ந்த பூஞ்சையைத் துடைப்பதும், இறுகிய திருகுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருப்பதும் என் வேலை. ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது அவள் வேலையாயிற்று.

எங்கள் மாடியிலிருந்து மேற்கே குன்றக்குடி மலை தெரியும். மாலையில் சூரியன் அதன் பின்னால் இறங்குவதால் மலை வெறும் நிழலாகிவிடும். காலையில்தான் வெயில் அதன் முகத்தில் விழும். ஆகவே ஒப்பீடு எப்போதும் காலையில், காப்பிக்குப் பின். அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடியும் புதிதாக வந்த கண்ணாடியும் அருகருகே கைப்பிடிச் சுவரில் வைக்கப்படும். நான் குறிப்பிட்ட ஒரு வரிசையில் பார்ப்பேன். மலைக்கோயில் கோபுரத்தின் விளிம்பில் நிறம் பிரிகிறதா, வட்டத்தின் ஓரத்தில் படிக்கட்டு வளைகிறதா, நிழலுக்குள் இருக்கும் பாறை தெரிகிறதா என்று. அவளுக்கு அந்த வரிசையெல்லாம் கிடையாது. ஒரே மூச்சில் பார்த்துவிட்டுச் சொல்வாள்.

"இது கழனித் தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி இருக்கு."

"இது நல்லாருக்கு. ஆனா மலைக்கு மஞ்சப் பூசிருக்கு."

"இதுல பாத்தா அந்த மயிலு என்னயத் திரும்பிப் பாக்குது. இத வித்துறாதீக."

நிறமும் கூர்மையும் நானே கண்டுகொள்ளக் கூடியவை. அவள் இல்லாமல் எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. இரு குழாய்களும் ஒரே திசையை நோக்காமல் இம்மியளவு விலகியிருந்தால், ஒன்றாகத் தெரியவேண்டியது இரண்டாகத் தெரியும். ஆனால் என் கண்கள் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. அவை தாமாகவே விலகி, இரண்டு காட்சிகளையும் இழுத்து ஒன்றாக்கிக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். பிறகு ஒரு தலைவலி வரும், அவ்வளவே. அவளுடைய கண்கள் அந்தச் சமரசத்துக்கு உடன்படவில்லை. எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவாள்.

"ரெண்டு மலை இருக்கு."

"எனக்கு ஒன்றுதான் தெரிகிறது."

"ஒங்களுக்குத் தெரியும். ஒங்க கண்ணு அனுசரிச்சுப் போற கண்ணு. இங்க குடுங்க... ஆமா, ரெண்டு."

நான் முப்பட்டகத்தின் திருகை மயிரிழை நகர்த்துவேன். அவள் பார்ப்பாள். மறுபடி நகர்த்துவேன். வெயில் ஏறிவிடும். கடைசியில் அவள், "இப்ப ஒண்ணு" என்பாள். அதைக் கேட்காமல் எந்தக் கண்ணாடியும் அலமாரிக்குள் போனதில்லை.

அப்பச்சி போனார். ஓராண்டு கழித்துச் சித்தப்பாவும் போனார். எங்கள் மகள் திருமணமாகிப் பினாங்குக்குச் சென்றாள். சித்தப்பாவின் மனைவி சின்னாத்தாளின் மகன் அதற்கு முன்பே கடல் கடந்திருந்தான். எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் என் மனைவியும் இறந்தாள். நோய் குறுகியது. கடைசி வாரங்களில் ஒருநாள், மாடிக்கு ஏற முடியாத நிலையில், "அந்தப் பாதிக் கண்ணாடி அப்படியே கெடக்குல்ல" என்றாள். "கேட்கிறேன்" என்றேன். கேட்பதற்குள் முடிந்துவிட்டது.

அதன்பின் அவ்வளவு பெரிய வீட்டில் இருவர் இருந்தோம். தெற்கே நான், வடக்கே சின்னாத்தாள். இரண்டு அடுப்புகள். அவர் பாத்திரம் கழுவும் ஓசை எனக்குக் கேட்கும். என்னுடையது அவருக்குக் கேட்டிருக்கும். அலமாரியை நான் திறக்கவில்லை.

ஒருநாள் காலை முற்றத்துக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. என் மனைவியின் கருமத்தன்று ஓரிரு சொல் பேசியதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"ஏப்பா, கடிகாரம் நின்னு எத்தன நாளாச்சு? சாவி குடுக்கக் கூடாதா?"

கடிகாரம் எங்கள் பக்கச் சுவரில், வடக்கைப் பார்த்து மாட்டியிருந்தது. அது நின்றதை நான் கவனிக்கவில்லை. அதற்கு வாரம் தவறாமல் சாவி கொடுத்து வந்தவள் என் மனைவி.

"ஒங்களுக்கு அங்கேயிருந்து தெரிகிறதா சின்னாத்தா?"

"எங்க பங்கு எதுக்கு இருக்கு?" என்று அவர் மடியிலிருந்து எதையோ தூக்கிக் காட்டினார். வலக்குழாய். கழுத்து வாரில் கோத்து, சாவிக்கொத்தைப் போல அணிந்திருந்தார். "ஒங்க கடிகாரத்த நான் இதுலதான பாக்குறேன். இத்தன வருசமா."

நான் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு வடக்குத் தாழ்வாரத்துக்குப் போனேன். அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

"அவளுக்கு இது தெரியுமா?"

"தெரியாம? வெள்ளிக்கெழம சாவி குடுக்க ஸ்டூல் போட்டு ஏறுவா. நான் இத எடுத்துக் கண்ணுல வைப்பேன். திரும்பிப் பாத்துச் சிரிப்பா. பேச மாட்டோம். மொகம் இந்தா, இம்புட்டுக் கிட்டத்துல வந்து நிக்கும்." அவர் தம் உள்ளங்கையை முகத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். "மூக்குத்தியில வெயில் பட்டாக்கூடத் தெரியும்."

இரண்டு பாதிகளையும் ஒரு காலைப்பொழுது சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம் என்றும், அன்றே திருப்பித் தந்துவிடுவேன் என்றும் சொன்னேன். வேண்டுமானால் கடிகாரத்தையே வடக்குச் சுவருக்கு மாற்றித் தருகிறேன் என்றேன்.

"நல்லாருக்கு. கடிகாரம் ஒங்க பங்கு. அதக் கொண்டாந்து எஞ் செவத்துல மாட்டுனா, நாளைக்கு எம் மகன் வந்து என்ன கேப்பான்? கிராமபோனத் திருப்பிக் குடுத்தீகளான்னு கேப்பான்." வாரைக் கழுத்திலிருந்து கழற்றினார். "ஒரு காலைப்பொழுதுதான. கொண்டு போ. மணி பாக்கணும், வெரசாக் குடுத்துரு."

அச்சாணி தோல் உறைக்குள் காகிதத்தில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. எங்கள் குழாயின் கவ்வுப் பற்களுக்குள் அவர்கள் குழாயின் பற்களைக் கோத்து, எண்ணெய் விட்டு, ஆணியை இறக்கினேன். எதிர்பார்த்ததைவிட எளிதாக இறங்கிற்று. இரண்டு பாதிகளுக்கும் நிறம் மாறிவிட்டிருந்தது. உறைக்குள் கிடந்த எங்கள் பாதி கறுப்பாக இருந்தது. அவர்களுடையது கைபட்டுக் கைபட்டுப் பித்தளை தெரிய மின்னியது.

மாடிக்குப் போனேன். மலையின் முகத்தில் வெயில் இருந்தது. இரு கண்ணுக்கும் தனித்தனியே திருகிச் சரிசெய்துகொண்டு பார்த்தேன். படிக்கட்டு, கோபுரம், நிழலில் இருந்த பாறை எல்லாம் தெரிந்தன. அந்தக் காலத்து நல்ல கண்ணாடி. பக்கத்தில் வைத்து ஒப்பிட நான் வேறெதையும் எடுத்துவரவில்லை. ஒரு மலைதான் தெரிந்தது.

பழக்கத்தால் கண்ணாடியை இறக்கி வலப்பக்கம் நீட்டினேன்.

அதை நீட்டியபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு மலை, உண்மையில் ஒன்றுதானா, அல்லது என் கண்கள் இழுத்துச் சேர்த்துக்கொண்டதா என்பதை அந்த மாடியில் நின்று என்னால் அறிய இயலவில்லை. கல்லூரிச் சோதனைக்கூடத்தில் அதற்கு வழி உண்டு. ஒளியை இரு குழாய்களின் வழியாகவும் சுவரில் விழச்செய்து அளந்துவிடலாம். குழாய்கள் இணையாக உள்ளனவா என்பதை அது துல்லியமாகச் சொல்லும். அதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை. நான் கேட்க விரும்பியது அந்த விடையை அல்ல.

கீழே இறங்கிச் சின்னாத்தாளிடம் கொடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுமாறு கேட்டேன். அவர் இரண்டு குழாய்களையும் முகத்தில் வைத்து, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார்.

"ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டாகத் தெரிகிறதா?"

"என்னயப் போயிக் கேக்குறியே. எனக்கு எடக் கண்ணுல பொரை விழுந்து வருசமாகுது. ரெண்டு கொழாய் வச்சாலும் எனக்கு ஒண்ணுதான்." கண்ணாடியை இறக்கினார். "அவ இருந்தாச் சொல்லிருப்பா, இல்ல?"

"சொல்லியிருப்பாள்."

நான் அங்கேயே, தாழ்வாரத்தில் அமர்ந்து, அச்சாணியைத் தட்டி எடுத்தேன். வலக்குழாயை வாரில் கோத்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஏன் கழட்டுன? இன்னும் ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டுத் தந்தா என்னவாம்?"

"ஒங்களுக்கு மணி பார்க்க வேண்டுமே."

"அது நின்னுல்ல கெடக்கு" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தாலும் தெற்குத் தாழ்வாரத்துக்குத் திரும்பி, அவள் ஏறிய அதே ஸ்டூலைச் சுவரோடு போட்டு ஏறினேன். சாவி கடிகாரத்தின் அடித்தட்டில், அவள் வைத்த இடத்தில் இருந்தது. இறுகும் வரை திருகினேன். முள்ளை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நின்றபோது முதுகுக்குப் பின்னால் முற்றத்தின் அப்பாலிருந்து சின்னாத்தாள் சொன்னார்:

"ஏப்பா, கொஞ்சம் இங்குட்டுத் திரும்பு."

திரும்பினேன். அவர் குழாயைக் கண்ணில் வைத்திருந்தார்.