பாதிப் பெயர்

எனக்கு ஒன்பது வயதானபோது, மூன்று வாரம் நான் செல்வியாக இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் ஜெபசெல்விதான்.

பெயரைப் பாதியாக வெட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடி அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. வெள்ளானூரில் ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா தினமும் காலையில் குளித்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, சாப்பாட்டுப் பை இல்லாமல் கிளம்புவார். மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். எங்கே போனார் என்று அம்மா கேட்கமாட்டாள். சாயங்கால ஜெபத்தை மட்டும் அப்பா ஒரு நாள்கூட விடவில்லை. எங்களுக்குக் கிடைத்தவற்றுக்கெல்லாம் வரிசையாக ஸ்தோத்திரம் சொல்வார். வரிசை நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்ததால் எனக்குச் சந்தோஷம். சீக்கிரம் சாப்பிட உட்காரலாம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் உதவியாளர் வேலை காலியிருப்பதாக மாமா செய்தி கொண்டுவந்தார். பட்டியல் சாதிக்காரர்களுக்கு ஒதுக்கிய இடம். அப்பாவின் தாத்தா கிறிஸ்தவரானவர். சாதி சர்டிபிகேட்டில் இந்து என்றிருந்தால் அந்த இடத்துக்கு அப்பா மனுப் போடலாம். கிறிஸ்தவர் என்றிருந்தால் முடியாது. ஞானஸ்நானத் தண்ணீர் எங்கள் சாதியைக் கழுவிவிட்டதாக அரசாங்கம் நம்பியது. அப்பா பிறந்த ஊர்க்காரர்கள் யாரும் அப்படி நம்பவில்லை.

"இன்னா மாமா, ஊடே பாதி பட்டினி கெடக்குது, நீ ஒரு பேப்பருக்கு பயந்துகினு கீற. மனசுக்குள்ள ஏசு இருக்கட்டும், யார் வாணாம்னா? பேப்பர்ல மட்டும் மாத்துறோம், அவ்ளோதான்" என்றார் மாமா.

அப்பா மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் என் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது, ஃபீஸ் கட்டாமல் இனிமேல் வரவேண்டாம் என்கிற மாதிரி. அன்று சர்டிபிகேட்டுக்கான மனுவில் கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வருவார் என்றார்கள். மாமா எனக்கு ஒத்திகை நடத்தினார்.

"பேரு இன்னா?"

"ஜெபசெல்வி."

"மொதல் பாதிய முழுங்கிடு. செல்வி. பாதிப் பேரத்தான சொல்லச் சொல்றேன், இதுல பொய் இன்னா கீது?"

எனக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. வகுப்பில் பையன்கள் என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக் கைகூப்பி, "ஜெபம் பண்ணுவோமாக" என்று கேலி செய்வார்கள். செல்வி என்றால் அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் பார்த்தேன்.

அதிகாரி வருவதாகச் சொன்ன காலையில் மாமா எட்டு மணிக்கே வந்துவிட்டார். சுவரிலிருந்த சிலுவையைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பரணில் வைத்தார். புத்தாண்டு ஆராதனையில் கொடுத்த, பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை அம்மா சுவரில் பசை போட்டு ஒட்டியிருந்தாள்; அது வரவில்லை. அதன் மேலேயே மளிகைக் கடையில் வாங்கிவந்த முருகன் காலண்டரை மாட்டினார். அட்டை கொஞ்சம் அகலம். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது.

பொட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் அம்மாவுக்கு இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கினாள். அந்த அக்கா ஒட்டும் பொட்டு ஒன்றை உரித்துத் தானே அம்மாவின் நெற்றியில் வைத்துவிட்டு, "ஒங்க கஷ்டம் எனுக்குப் புரியுதுக்கா. ஆனா எங்க சாமியையும் சேத்து பொய் சொல்ல வெக்கிறீங்களே, அதான் மனசுக்கு ஒரு மாரி கீது" என்றாள். அம்மா சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். சட்டைக் காலருக்குள் கைக்குட்டை செருகியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா, உன் பேரு என்னம்மா?"

"செல்வி, சார்."

"கோயிலுக்கெல்லாம் போவியா?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. ஆனாலும் நான் அசரவில்லை. "போவேன் சார், வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போவேன்" என்றேன். பின்னால் மாமா திருப்தியாகத் தொண்டையைச் செருமினார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். அப்போது அப்பா எழுந்து நின்றார்.

"சார், எழுதாதீங்க." "எம் பொண்ணு பேரு ஜெபசெல்வி. நாங்க கிறிஸ்தவங்க. தெரிஞ்சேதான் பொய் மனு குடுத்தேன். மன்னிச்சிடுங்க."

அதிகாரி காலண்டரைப் பார்த்தார். அதன் ஓரத்தில் எட்டிப் பார்த்த அட்டையையும் பார்த்தார். போலீஸைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன்.

"வேலை இல்லையா?" என்று கேட்டார்.

"எட்டு மாசமா இல்ல சார்."

அவர் பேனாவை மூடினார். "மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நானும் நடந்தத அப்படியே எழுதி வெச்சுடுறேன். இன்னும் சர்டிபிகேட் எதுவும் குடுக்கலையே, பயப்படாதீங்க."

அவர் போனதும் மாமா வெடித்தார். "நீயெல்லாம் பொழைக்கவே மாட்ட மாமா! ஒரு மாசமா நாயா அலைஞ்சிகினு கீறேன் நானு!" வெளியே போய் ஸ்கூட்டரை உதைத்தார். அது கிளம்பவில்லை. கடைசியில் அப்பாதான் தெருமுனை வரை தள்ளிக் கிளப்பிவிட்டார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்த அப்பா வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அம்மா பொட்டை எடுத்துக் கதவு நிலையில் ஒட்டிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன், அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். காலண்டரைப் பக்கத்து வீட்டு அக்கா பத்திரமாக வாங்கிக்கொண்டு போனாள். மத்தியானம் ரசமும் சுட்ட அப்பளமும்தான். அப்பா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டு, அப்படியே தரையில் படுத்துக் குறட்டை விட்டார். அம்மா கீர்த்தனை பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

நான் மட்டும் மூலையில் உட்கார்ந்து அழுதேன். என் புதுப் பெயர் போய்விட்டது.

அதன் பிறகும் சுலபமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. நான் அரசுப் பள்ளிக்கு மாறினேன். அப்பா வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி வாசலில் இரண்டு வருடம் வாட்ச்மேனாக நின்றார். அப்புறம்தான் பட்டறை ஒன்றில் அவருடைய பழைய தொழில் திரும்பக் கிடைத்தது. மாமா கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வந்து, எதுவுமே நடக்காத மாதிரி முதல் ஆளாக வெட்டிச் சாப்பிட்டார்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குள் வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. அன்று நான் எங்கோ தப்பாகச் சொல்லிவிட்டேன், அதனால்தான் அப்பா பயந்துபோய் உண்மையைச் சொன்னார், அதனால்தான் அந்த வேலை போயிற்று என்று நம்பினேன். எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் இதை அப்பாவிடமே சொன்னேன்.

அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்.

"தப்பா சொன்னியா? நீ கொஞ்சம் தெணறியிருந்தாக்கூட நான் வாய மூடிக்கினு இருந்திருப்பேம்மா."