வலிக்காத சாமி

எனக்குக் கோவம் மூக்கு மேல வரும்னு வூட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தார். இருந்தாலும் உபதேசியார்கிட்ட மட்டும் நான் குரல் உசத்தினதே இல்ல. ஜமுனாமரத்தூர் வேதக்கோயிலைப் பார்த்துக்கிட்டு, ஊர் ஊரா நடந்து வேதம் சொன்ன மனுசன் அவர்.

எழுபதுகளோட கடைசி. வூட்டுக்காரருக்கு மலையில காட்டிலாகா வேலை. ஒருநாள் என் மூணு வயசுப் பொண்ணு மேல கொதிக்கிற சாமைக்கஞ்சி கொட்டிடுச்சு. போளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். கட்டில்ல கிடந்து அது கத்தின கத்தலை எழுத எனக்குத் தெம்பில்ல. சொந்தக்காரங்க வந்து, எல்லாம் தலையெழுத்துன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க. உபதேசியார்தான் கூடவே உட்கார்ந்திருந்தார். நாங்க அப்போ வேதத்துல சேர்ந்தவங்ககூட இல்ல.

"பாப்பாவுக்கு எரியிறது இயேசு சாமிக்குத் தெரியும்மா. அவரும் நெஜமான உடம்போட தோல் உரிய அடிபட்டவர்"னார்.

பொண்ணு போய்ட்டா. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சிக்கிட்டுதான் நான் எழுந்து நடந்தேன். என் கொழந்த படுறதைத் தானும் பட்ட சாமி ஒருத்தர் இருக்கார். அதுக்காகவே, மாமியார்கிட்ட ஏச்சுப் பேச்செல்லாம் வாங்கிக்கிட்டு ஞானஸ்நானம் எடுத்தேன்.

சில வருஷம் கழிச்சு ஒரு தவக்காலம். சந்தையில உபதேசியார் மலைக்காரப் பெரியவங்ககிட்ட பேசிட்டிருந்தார். நான் உப்பு வாங்கிட்டுப் பின்னால நின்னேன். அடி வாங்கிச் செத்தவன் இன்னா சாமின்னு ஒருத்தர் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. உபதேசியாருக்கு முகம் சுண்டிப்போச்சு.

"சாமிக்கு எங்கங்க வலிச்சுது? அந்த உடம்பு சும்மா பார்வைக்கு. கழட்டிப் போட்ட சட்டைய அடிச்சா ஆளுக்கு வலிக்குமா?"

சிரிப்பு நின்னுச்சு. பெரியவங்க தலையாட்டினாங்க. அடப்பாவி மனுசா, அப்போ என் கொழந்த பக்கத்துல உட்கார்ந்து சொன்னது இன்னா?

போற வழியில மடக்கிக் கேட்டேன். உங்களுக்கு அன்னிக்கு அது தேவைப்பட்டுச்சு, இவங்களுக்கு இது தேவைப்படுதுன்னார். கூசாம சொன்னார்.

மாசாமாசம் பூசை வைக்க வர்ற ஃபாதர்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். அவர் பதறவே இல்ல. ஆதிச்சபைக் காலத்துலயே இப்படிச் சொன்னவங்க இருந்தாங்களாம். கடவுள் நெஜமா மனுசன் ஆகல, ஆன மாதிரி காட்டினார், பட்ட பாடெல்லாம் வெறும் தோற்றம்னு. சபை அதைத் தப்பறை, பொய்யான போதனைன்னு தள்ளிடுச்சாம், விசுவாசத்துக்கே விரோதமாம். அப்ப உபதேசியாரைக் கண்டிங்கன்னேன். கண்ணாடியத் தொடச்சிக்கிட்டே, அவரால நாலு வூடு புதுசா வேதத்துக்கு வருதும்மா, போகப் போகத் திருத்திக்கலாம்னார். தெரியாம இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன். ஃபாதர் தெரிஞ்சே விட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

பெரிய வெள்ளி வந்துச்சு. சிலுவையை முத்தி செய்ய, அதான் முத்தம் கொடுக்க, வரிசையில நின்னோம். சிலுவையில இயேசு தொங்குற பாடுபட்ட சுரூபத்தை உபதேசியார்தான் ஏந்தியிருந்தார். புதுசா சேர்ந்தவங்க எனக்கு முன்னாடி குனிஞ்சு முத்தி செஞ்சாங்க. என் முறை வந்தப்போ நான் குனியல.

"அண்ணா, இவருக்கு வலிச்சுதா இல்லையா? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

அவர் புது ஆளுங்களைப் பார்த்தார். ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் பாட்டுப் புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டிருந்தார். உபதேசியார் எனக்குப் பின்னால நின்ன பொம்பளைகிட்ட சுரூபத்தை நீட்டினார்.

நான் வெளிய வந்தேன். அதுக்கப்புறம் எந்தச் சாமிகிட்டயும் என் பொண்ணப் பத்திப் பேசினதில்ல.