கிழக்குச் சுவருக்கு ஒரு கட்டு

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் சந்தில் இருந்த அந்த மாடிவீட்டுக்கு வயது இருநூறு என்பார்கள். காரை உதிர்ந்த சுவரில் அரசங்கன்று முளைத்து, குடித்தனக்காரர்களைவிடச் செழிப்பாக இருந்தது. கீழ்த்தளத்தில் தனியாக இருந்தவர் சவரியம்மாள். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்டு ஓய்வு பெற்றவர்.

1964 ஆவணியில் முனிசிபாலிட்டி ஓவர்சியர் உத்திராபதி வந்தார். கிழக்கு அறைச் சுவரில் விரிசல். அதன் குறுக்கே காகிதப் பட்டை ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சுவர் நகர்ந்தால் காகிதம் கிழியும். கிழிந்தால் வீட்டையே இடித்துவிடுவார்கள். சவரியம்மாளுக்கு வேறு போக்கிடம் நெல்லிக்குப்பத்தில் தம்பி வீடுதான். தம்பி மனைவி ராஜாமணியோடு ஒரு வேளை சாப்பிடுவதற்குப் பட்டினி மேல்.

பத்தாம் நாள் காகிதம் கிழிந்தது. சவரியம்மாள் பசை காய்ச்சினார். புதுப் பட்டை, பழைய தேதி. டாக்டர்களின் சீட்டைப் படித்துப் பழகியவருக்கு ஓவர்சியரின் கிறுக்கல் ஒரு பொருட்டா? ஐப்பசி மழை முடிவதற்குள் ஆறு பட்டைகள் மாறிவிட்டன.

கார்த்திகையில் உத்திராபதி மறுபடி வந்தார். சுவர் முழுக்கப் பாசி. காகிதம் மட்டும் சலவைக்குப் போய் வந்ததுபோல் இருந்தது. விரிசலில் அவருடைய குடையின் நுனி தாராளமாக நுழைந்தது.

“என்னம்மா, மூணு மாசத்துக் காயிதம் மாதிரியா இருக்குது இது?”

“கட்டு மாத்தாம உட்டா புண்ணு நாறிடும் சார்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீட்டை இடிக்க எழுத அவர் பேனாவைத் திறந்தார். சவரியம்மாள் அவரை நடுச்சுவருக்கு அழைத்துப் போனார். கிழக்கு அறை வீட்டோடு சேரும் மூலையில் மயிரிழைக் கீறல் ஒன்று. புண் பரவுகிறதா என்று பார்க்க, ஆவணியிலேயே அங்கும் அவரே ஒரு பட்டை ஒட்டியிருந்தார். ஒட்டடை, மழைக்கறை, பல்லி எச்சம் எல்லாம் படிந்தும் அது கிழியவில்லை.

“இதையும் நீங்கதான மாத்துனீங்க?”

“பல்லிக்கு நான் சொல்லித்தர முடியுமா சார்? காலு அழுகுனா காலத்தான் எடுப்பாங்க. ஆளப் பொதைக்க மாட்டாங்க.”

உத்திராபதி மூலையைத் தட்டிப் பார்த்தார், நூல் பிடித்துப் பார்த்தார். பிறகு கிழக்கு அறையை மட்டும் இடிக்க எழுதினார். அது சவரியம்மாளின் சமையலறை. அடுப்பைக் கூடத்துக்கு மாற்றினார். இருநூறு வருஷத்தில் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் கடல்காற்று வந்தது, கருவாட்டு வாசனையோடு.

செய்தி கேட்டு, உடனே புறப்பட்டு வரும்படி ராஜாமணி எழுதினாள். சவரியம்மாள் ஒரு கார்டில் பதில் போட்டார்: ‘இங்கே நலம். சமையலறை மட்டும் இல்லை. ஆகையால் கிறிஸ்துமஸுக்கு உங்களை அழைக்க முடியவில்லை.’