பள்ளம் தோண்டப் போன இடத்தில்

மண் தோண்டுகிறவனை யாரும் சந்தோஷமாகக் கூப்பிடுவதில்லை. கக்கூஸ் தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் கூப்பிடுவார்கள். வாசலில் வெட்டிய பள்ளத்தின் மேல் பலகை போட்டு, சொந்த வீட்டுக்குள் போவதற்கே வேட்டியையோ சேலையையோ தூக்கிப் பிடித்துத் தாண்டிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தப் பள்ளத்தை வெட்டிய பாவி நானாகவும் இருக்கலாம். தொண்ணூறுகளில் திருநெல்வேலி வட்டாரத்தில் பொக்லைன் ஓட்டினேன். நான் மேலே உட்கார்ந்து வெட்டுவேன். கீழே நின்று கைகாட்டுவதும், மெஷின் விட்டுவிட்ட மண்ணை மம்பட்டியால் சீர் பண்ணுவதும் சுடலையின் வேலை. அவன் மனைவி பேச்சி மண் சுமப்பாள்.

பெண் பார்க்க வந்தவர்கள்

ஆழ்வார்குறிச்சியில் ஒரு வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்காகத் தெரு ஓரமாக வெட்டிக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டித்தான் பள்ளம் போக வேண்டும். தாண்டியும் விட்டோம். அப்போது அந்த வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "அண்ணாச்சி, எம் பிள்ளையப் பாக்க நாளைக்கு வாரதாச் சொன்னாவ. இப்பவே பஸ்ஸ விட்டு எறங்கிட்டாவளாம். ஏற்கனவே வந்த எடமெல்லாம் தட்டிப் போச்சு. ஏதாவது பண்ணுங்க!"

வெட்டிய மண்ணையே அள்ளிப் பள்ளத்தில் போட்டு, மெஷின் வாளியின் முதுகால் தட்டி ஓர் ஆள் நடக்க வழி பண்ணினேன். வந்தவர்களில் மற்றவர்கள் தாண்டிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் கனத்த சரீரம். நடுவில் கால் வைத்ததும் முழங்கால் வரை புதைந்துவிட்டார். பெண்ணின் அப்பா தலையில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு மெஷினோடு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

உள்ளே இருந்து பட்டுச்சேலையோடு அந்தப் பெண்தான் ஓடி வந்தாள். யார் பார்க்கிறார்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. மண்ணில் இறங்கி, அந்த அம்மாவின் கையைத் தோளில் போட்டுத் தூக்கி, வாசலில் உட்கார வைத்துக் கால் கழுவி விட்டாள். பேச்சு முடிந்து கிளம்பும்போது அந்த அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பலகாரம் தின்னு பாத்து என்னத்தைத் தெரியும்? பள்ளத்துல விழுந்து பாத்தாச்சு. இந்தப் பிள்ளைதான் எனக்கு மருமவ."

உவரி மணல்

உவரியில் புது வீடு கட்டிய ஒரு மீனவருக்குக் கழிவுத் தொட்டிக்குக் குழி வெட்டப் போனோம். கடற்கரை மணல் நம் பேச்சைக் கேட்காது. ஒரு வாளி அள்ளினால் ரெண்டு வாளி உள்ளே சரியும். நான் கொஞ்சம் முன்னால் நகர்த்தலாம் என்று பார்த்தேன். முன்சக்கரம் குழிக்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது. சுடலை தென்னை மட்டையை வைத்துப் பார்த்தான், கல்லை வைத்துப் பார்த்தான். எல்லாவற்றையும் மணல் விழுங்கிக்கொண்டது.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வடக்கயிறோடு வந்தார்கள். பின்னால் கட்டி, ஏலேலோ பாடி, ஒரே மூச்சாக இழுத்தார்கள். நானும் பின்னுக்கு ஓட்ட, வண்டி முனகிக்கொண்டே மேலே ஏறியது. மெஷினை ஓரமாக நிறுத்திவிட்டு, வளையம் வளையமான சிமெண்டு உறைகளை இறக்கிக் கையால் அள்ளித்தான் அந்த வேலையை முடித்தோம். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கடல்ல ஓடுறத இழுக்கதுக்குத்தான் எங்களுக்கு உடம்பே பத்தல. தரையில ஓடுறதையும் நாங்கதான் இழுக்கணுமா, தம்பி?"

சுவர் ஓரம்

இதைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தச்சநல்லூரில் ஒரு மதில் ஓரமாக ஆழமான பள்ளம். முதல் நாள் நல்ல மழை. நான் வெட்டி முடித்ததும் குழாய்க்கு மட்டம் பார்க்கச் சுடலை உள்ளே இறங்கினான். சத்தமே இல்லாமல் ஒரு பக்கத்து மண் அப்படியே சாய்ந்தது. நெஞ்சு வரை மண். தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே.

"மெஷினைப் போட்டு அள்ளுலே!" என்று மேஸ்திரி கத்தினார். நான் இஞ்சினை அணைத்தேன். மெஷின் அதிர்வில் மதிலும் வந்துவிட்டால் தீர்ந்தது. வாளியின் பல் எங்கே படும் என்றும் தெரியாது. மம்பட்டியைக்கூட அவன் பக்கத்தில் கொண்டுபோகப் பயம். கையாலும் சட்டியாலும் அள்ளினோம். வங்கிக்குக் கிளம்பியவர் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினார். சவரக்கடைக்காரர் கத்தரியை மேல்பையில் செருகிக்கொண்டு இறங்கினார். பேச்சி அழவில்லை. குப்புறப் படுத்து, அவன் முகத்தில் மண் விழாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, "மூச்ச விடும், மூச்ச விடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெளியே இழுத்துப் போட்டோம். ஒரு கால் வீங்கியிருந்தது, வேறு சேதமில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை, "செருப்பு உள்ள கெடக்கு, புதுச் செருப்பு." அதற்கப்புறம்தான் பேச்சிக்கு அழுகை வந்தது. அவன் முதுகில் ரெண்டு அடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆளு முழுசா வந்துட்டு. செருப்பு கெடந்துட்டுப் போகட்டும், எனக்கு வேண்டாம்."

அன்றைக்குப் பிறகு, இரண்டு பக்கமும் பலகை அடித்து முட்டுக் கொடுக்காமல் யாரையும் பள்ளத்தில் இறங்க விட்டதில்லை.

டீச்சர் வீட்டுப் பாறை

பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கழிப்பறை கொல்லைக்கடைசியில். ஒவ்வொரு தடவையும் கணவரும் மருமகளும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். படுக்கை அறையை ஒட்டிப் புதிதாக ஒன்று கட்டக் கூப்பிட்டிருந்தார்கள். கொஞ்சம் வெட்டியதுமே பாறை. வாளியின் பல் தீப்பொறி பறக்க வழுக்கியது. வீட்டு ஓடெல்லாம் நடுங்கியது. வேறு பக்கம் பார்க்கலாமா என்று நான் கேட்டதை ஜன்னல் வழியே டீச்சர் கேட்டுவிட்டார். குழறிய பேச்சில், "பைய ஒடைங்க தம்பி. விட்டுட்டு மட்டும் போயிராதிய" என்றார்.

மெஷினை ஒதுக்கிவிட்டு, கால் தேறி வந்திருந்த சுடலையும் நானும் கடப்பாரையும் உளியுமாக உட்கார்ந்துவிட்டோம். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. பாறையும் ஒருவழியாக உடைந்தது. கட்டடம் முடிந்து, கிடந்த கல்லை அள்ளப் போன அன்று காலையில், சுவரில் பதித்த கம்பியைப் பிடித்தபடி டீச்சர் புதுக் கழிப்பறையின் வாசல்வரை நடந்து வந்து நின்றார். வேர்த்திருந்தது, ஆனால் சிரித்தார். "தம்பி, இன்னைக்கு நான் யாரையும் கூப்பிடல."

எங்கள் வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளம், அங்கே ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாமல் போவதுதான் என்பதால், பேர் வாங்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து வேறு தொழில் பார்க்கவும்.