பர்வா என்றால் பரவாயில்லையா?

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்தேன். சரியாக அந்த வருஷம் பார்த்து கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. புனேயில் ஔந்த் பக்கம் அக்கா வீடு இருந்ததால், வேலை தேடுகிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கினேன். அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஆயுத பூஜைக்குள் காசு வருகிற வேலை ஏதாவது கிடைக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி, அவருடைய நண்பர் நடத்தும் காலேஜில் லெக்சரராகச் சேர வேண்டும். அந்தக் காலேஜில் டீச்சர்கள் புடவைக்கு மேல் காக்கிக் கோட்டு மாட்ட வேண்டும். பையன்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு, நடுவில் காவலுக்கு லெக்சரர். நான் எதற்கும் தயாராக இருந்தேன், அதற்கு மட்டும் இல்லை.

எனக்குப் புரோகிராம் எழுதுவது சுமாராகத்தான் வரும். ஆனால் எழுத வரும். காலேஜில் பாதி வகுப்பின் புராஜெக்ட் ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன், ஆளுக்கு ஒரு செட் பரோட்டா என்ற ஒப்பந்தத்தில். அதனால் தெருமுனை சைபர் கஃபேயில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட கம்ப்யூட்டர் பத்திரிகைகளுக்கெல்லாம் மெயில் தட்டினேன். தொழில்நுட்பத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுவேன் என்று. ஒரே ஒரு வெப்சைட்காரன் பதில் போட்டான். பணம் கிடையாதாம், ஆனால் என் பெயர் உலகம் பூராவும் தெரியுமாம்.

அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா, அதைக் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "உலகத்தை விடு புள்ள. நம்ம பில்டிங் வாட்ச்மேனுக்கே உன்னைத் தெரியாது. தினம் யாரைப் பாக்கோணும்னு கேக்கறான்."

"வேற என்ன மாமா பண்ணட்டும்?"

"எதைப் பத்தியும் எழுதுவேன்னா எவன் குடுப்பான்? ஓட்டல்ல எல்லாம் இருக்குன்னு சொன்னா நாம எந்திரிச்சு வந்தர்றோமில்ல?"

எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் சரியாகச் சொல்லியிருந்தார். ஆகவே ஒன்றே ஒன்றைப் பிடித்தேன்: பிரிண்டர். மாமா வீட்டுப் பிரிண்டர் காகிதத்தைத் தின்னும்போதெல்லாம் வயிற்றைத் திறந்து எடுத்துவிட்டவள் என்ற தகுதி எனக்கு இருந்தது. புனேயிலேயே டெக்கான் பக்கம் ஒரு சந்தில் ஆபீஸ் வைத்திருந்த ஆங்கில மாதப் பத்திரிகைக்கு ஒரு திங்கட்கிழமை போன் போட்டேன். ஆசிரியர் மராத்திக்காரர். இந்தி, இங்கிலீஷ், மராத்தி மூன்றையும் மிக்சியில் போட்டு அடித்தது போலப் பேசினார். நான் தமிழ்நாடு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன், என் இந்திக்கு முன்ஜாமீன் மாதிரி. வீட்டுக்கு எந்தப் பிரிண்டர் வாங்கலாம், ஒரு பக்கம் எழுது, பணம் உண்டு என்றார்.

"கப் சாஹியே, சார்?" எப்போது வேண்டும் என்று கேட்டேன்.

"பர்வா சாலேல்," என்று போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டில் பெருமையாகச் சொன்னேன். "எவ்வளவு நல்ல மனுசன் தெரியுமா? அவசரமே இல்லியாம். எனக்காகத் தமிழ்ல பரவாயில்லன்னு சொன்னாரு."

"பாரேன்," என்றாள் அக்கா.

அவசரமில்லை என்றால் ஆராய்ச்சிதானே செய்ய வேண்டும்? லக்ஷ்மி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் சந்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கடைக்காரரும் தன் பிரிண்டர்தான் ஒசத்தி என்று நிரூபிக்க ஒரு கலர் படம் அடித்துக் காட்டினார். ஏழு கடையிலும் அதே பச்சைக் கிளி. வெள்ளிக்கிழமை காலை நோட்டு நிறையக் குறிப்பு இருந்தது, கட்டுரையில் ஒரு வரி இல்லை. அப்போதுதான் போன் அடித்தது. அக்கா எடுத்து மராத்தியில் ஏதோ பேசினாள், முகம் மாறிக்கொண்டே போனது, ரிசீவரைக் கையால் பொத்தினாள்.

"ஏண்டி, அந்த மனுசன் பர்வா வேணும்னு சொன்னாராமா?"

"ஆமா, பரவாயில்லைன்னு."

"பர்வான்னா நாளான்னிக்குடி, சாலேல்னா போதும். புதன்கிழமையே குடுத்திருக்கோணும்." அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். "முந்தாநேத்துக்கும் பர்வாதான். அதனால இப்ப அவரு பர்வா பர்வான்னு கத்தறதும் சரிதான்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தைன்னா எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"கத்திரிக்காய் எப்ப வந்துதுன்னு கேட்டு காய்க்காரம்மா பர்வான்னா வாங்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ கெளம்பு."

ஆறு பேர் உட்கார வேண்டிய ஷேர் ஆட்டோவில் பத்தாவது ஆளாகத் தொற்றி டெக்கான் போய்ச் சேர்ந்தேன். ஆசிரியர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு ஒதுக்கிய பக்கத்தில் ஒரு யூபிஎஸ் விளம்பரம் ஏறிவிட்டது, இனி அடுத்த மாதம்தான் என்றார் இந்தியில். அடுத்த மாதம் என்றால் ஆயுத பூஜை தாண்டிவிடும். வெட்கத்தை விட்டுக் காக்கிக் கோட்டுக் கதையைச் சொன்னேன். படிக்கட்டுக் காவல் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு காலிப் பக்கத்தைக் காட்டினார். வாசகர் கேள்வி பதில்.

அந்த மாதம் வந்த கடிதம் மொத்தமே இரண்டுதானாம். ஒருவர் வேலை கேட்டிருந்தார், இன்னொருவர் பழைய மானிட்டர் விற்கப் பார்த்தார். "கேள்வி இருந்தால் நீ பதில் எழுதலாம். கேள்விதான் இல்லை."

"கேள்வியையும் நானே எழுதினால்?"

அவர் ஃபேனைப் பார்த்தார். "நான் டீ குடிக்கப் போகிறேன்," என்று எழுந்து போய்விட்டார்.

எழுதாத கட்டுரையை ஆறு கேள்வியாக நறுக்கினேன். லோஹேகாவிலிருந்து ஓய்வுபெற்ற ஏர்ஃபோர்ஸ்காரர்: மாதத்துக்கு இரண்டு கடிதம்தான் அடிக்கிறேன், மை காய்ந்துவிடுகிறதே? போசரி பட்டறை முதலாளி: மூன்று கார்பன் காப்பி பில்லுக்கு எது நிற்கும்? ஔந்த் இல்லத்தரசி: பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டில் ஒட்டக் கலர் படம் அடிக்க எது மலிவு? ஆள்தான் பொய், எல்லாம் நான் கடை கடையாகக் கேட்ட கேள்விகள். டைப் அடித்த வேகத்தில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆசிரியர் வந்து படித்தார். ஔந்த் அம்மாளை மட்டும் கோத்ரூடுக்கு மாற்றினார். "ஔந்த்காரர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், நேராகப் போய் வாங்கிவிடுவார்கள்." அப்புறம், இனி மாதாமாதம் இந்தப் பக்கம் உன்னுடையது என்றார்.

புத்தகம் வந்ததும், செக்கின் ஜெராக்ஸோடு அப்பாவுக்குக் கூரியரில் அனுப்பினேன். பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் போன் வந்தது.

"இதுல உன் பேரு எங்க கண்ணு?"

"இந்தப் பக்கத்துக்குப் பேரு போட மாட்டாங்கப்பா. பதில் பூரா நான் எழுதுனதுதான்."

"ம். அந்த ஏர்ஃபோர்ஸ்காரரு வெவரமான மனுசன். எவ்வளவு அளவாக் கேக்கறாரு பாரு. பதில்தான் கொஞ்சம் நீளம்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். "காலேஜ்ல என்னப்பா சொன்னீங்க?"

"நேத்தே சொல்லிப்போட்டேன். புள்ளைக்குப் பத்திரிகைல வேலை ஆயிப்போச்சு, வரமாட்டாள்னு."

அவர் இன்னும் போனை வைக்கவில்லை.

"நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன். அந்த லோஹேகாவ்காரரு கடைசில எதை வாங்குனாருன்னு கேட்டுச் சொல்றயா?"

"கேட்டுச் சொல்றேன்பா," என்றேன்.