அக்காவின் திறக்காத படம்

ஃப்ளெக்ஸ் மையின் வாடை எங்கே வந்தாலும், மன்னார்குடி அச்சுக்கடையில் நின்ற அந்த மழைக்காலக் காலைதான் நினைவுக்கு வருகிறது. விடியலில் அக்கா இறந்திருந்தாள். மாலையில் அடக்கம். அழக்கூட நேரமில்லாத அலுப்பு உடம்பெல்லாம் ஊறிக் கிடந்தது.

கேமராவைக் கண்டாலே முகம் திருப்பிக்கொள்கிறவள் அவள். சிரித்தபடி அகப்பட்டது பங்குக் கோயிலின் இணையதளத்தில் இருந்த ஒரே ஒரு படத்தில்தான். பதிவிறக்கினால் அது ‘வெப்பி’ என்கிற வகைக் கோப்பாக வந்தது. கடையில் கேட்டதோ ஜேபிஜி. கோப்புப் பெயரின் கடைசியில் ‘ஜேபிஜி’ என்று மாற்றி எழுதினால் போதும் என்று நம்பி, அனுப்பிவிட்டுச் சவப்பெட்டி வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது, கடைக் கணினியில் வடிவமைத்திருந்த அஞ்சலி ஃப்ளெக்ஸில் அக்காவின் பெயர் மட்டும் இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது.

“படம் திறக்க மாட்டேங்குதுண்ணே. பேருதான் ஜேபிஜி, உள்ள அதே வெப்பிதான். நம்ம சிஸ்டம் பழசு, அதைத் திறக்காது,” என்றார் கடைக்காரர்.

துபாயில் டிக்கெட் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த அக்கா மகள் ரீட்டாவை அழைத்தேன்.

“எனக்கு அனுப்புங்க மாமா. ஒரு பிடி மண்ணு போடத்தான் வர முடியல. இதையாவது நான் செய்றேன்.”

சற்று நேரத்தில், முறையாக மாற்றிய படம் வந்தது, கடைக் கணினியில் திறந்தது. இப்போதெல்லாம் எந்தப் படத்தை மாற்றினாலும், வேறொரு கணினியில் திறந்து முகத்தைப் பார்க்காமல் நான் நகர்வதில்லை.

ஃப்ளெக்ஸ் அச்சாகி வரும்வரை ரீட்டா அழைப்பைத் துண்டிக்கவில்லை.

“அம்மா சிரிக்கிறாங்களா மாமா?”

“சிரிக்கிறாம்மா.”

“சரி. மழை படாம எடுத்துட்டுப் போங்க.”