முதலியாருக்கு எஞ்சிய சொல்

என் மேசையில் இரண்டு பாதிகளாகக் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. முதலியாரின் மனைவி அதன் இடது பாதியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ளயா பிள்ளை மூண்டு பாஷையும் இருந்தது?" என்று கேட்டார். கொழும்பு மருத்துவமனை ஒன்றில் பேச்சுச் சிகிச்சையாளராக நான் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

முதலியார் என்பது பதவிப் பெயர். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களை இங்கே அப்படித்தான் அழைப்போம். சாட்சியின் தமிழைச் சிங்களத்திலும், நீதவானின் சிங்களத்தைத் தமிழிலும், தேவைப்பட்டால் இரண்டையும் ஆங்கிலத்திலும் சொல்லியே அவர் வாழ்நாள் கழிந்திருந்தது. மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகிக் கொழும்பின் வெள்ளவத்தைக்கு வந்தவர். எங்கு போனாலும் கணவரே பேசிவிடுவதால் சிங்களத்தில் நாலைந்து சொற்களுக்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. ஓய்வுபெற்ற மறு வருடம் ஒரு காலை, தேநீர்க் கோப்பையை நோக்கிப் போன முதலியாரின் வலது கை பாதியிலேயே விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் நின்றுபோனது.

மூளையின் இடது பாதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. பெரும்பாலானோருக்குப் பேச்சும் அந்தப் பாதியில்தான். இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே சொற்களைக் கோத்து வாய்க்கு அனுப்பும் இடம் இருக்கிறது. கேட்டதை விளங்கிக்கொள்ளும் இடம் காதுக்குச் சற்றுப் பின்னால். இரத்தக்கட்டி முன்னதை அடைத்திருந்தது, பின்னது தப்பியிருந்தது. மூச்சைப் பார்த்துக்கொள்ளும் மூளைத்தண்டுக்கும், உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளைக்கும் பழுதில்லை. ஆகவே அவருக்கு எல்லாம் விளங்கியது. சொல்லத்தான் முடியவில்லை.

மூன்றாம் வாரத்தில் முதல் சொல் வந்தது. "எபா." சிங்களத்தில் வேண்டாம் என்று பொருள். பல மொழி தெரிந்தவருக்குத் தாய்மொழிதான் முதலில் திரும்ப வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை அவர் மனைவியைப் பார்த்து மட்டுமே சொன்னார். முகம் சிவக்க, இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தபடி சொன்னார். மனைவிக்குத் தெரிந்த நாலைந்து சொற்களில் அதுவும் ஒன்று.

"நான் வேண்டாமாம் பிள்ளை," என்றார் நடைபாதையில். "எத்தினை வருஷம் ஒண்டா இருந்தனாங்கள்."

மூளை பாதிக்கப்பட்டவர்களுக்குக் காரணமில்லாமல் கோபம் வரும் என்று நான் விளக்கினேன். சில நாள் வராமல் இருந்து பாருங்கள் என்றும் சொன்னேன். அப்போது அது எனக்கு நல்ல ஆலோசனையாகவே பட்டது. அவர் நான்கு நாள் வரவில்லை. அந்த நான்கு நாளும் முதலியார் பயிற்சிக்கு வாயே திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவர் வந்தபோது நானும் கட்டிலருகே இருந்தேன். பார்வை நேரம் முடிந்து அவர் பையை எடுத்ததும் முதலியாரின் உதடுகள் நெடுநேரம் போராடின. இம்முறை இரண்டு சொற்கள் வந்தன. "யன்ன... எபா."

கொட்டாஞ்சேனையில் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்த எனக்கு அதை மொழிபெயர்க்க ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. "அன்ரி, உங்களை வேண்டாமெண்டு சொல்லேல்ல. போக வேண்டாம் எண்டு சொல்றார்."

அவர் பையோடு அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வாசலில் நின்ற தாதி நேரத்தைச் சொன்னார், அவர் எழவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேனா என்று இன்று நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு அவர் என்னிடம் ஒரு கொப்பி நிறையச் சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிப் படித்தார். தமிழும் முதலியாரிடம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. ஆங்கிலம் வரவேயில்லை. சில மாதங்களுக்குப் பின் கிளினிக்கில் சிங்கள டொக்டர் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோது, கணவரை முந்திக்கொண்டு அவரே பதில் சொன்னார்: "எயா ஹொந்தாய் கனவா." நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சொல்ல வந்தவர், 'நன்றாக' என்பதற்குப் பதில் 'நல்லது' என்ற சொல்லைப் போட்டுவிட்டார்.

முதலியார் இடது கை விரலை உயர்த்தி, "ஹொந்தட்ட," என்று திருத்தினார். பிறகு மனைவியைப் பார்த்து, தமிழில், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி எடுத்துச் சொன்னார்: "பிழையில்லை."